முதல் சிரிப்பு

இந்த அறையின் ஏர்கோனில் தண்ணீர் சொட்டுகிறது, மேடம். பெரிய பழுது ஒன்றுமில்லை. வடிகுழாயில் பாசி கட்டியிருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் வாயை வைத்து ஓர் ஊது ஊதினால் சரியாகிவிடும். ஆளைக் கூப்பிட்டால் கேஸ் தீர்ந்துவிட்டது என்பான். நம்பாதீர்கள். ஒரு பொருள் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் எங்கே நின்றது என்றும் தெரிந்துவிடும்.

இருசப்பன் விஷயத்தையும் அப்படியே, ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் காட்டுகிறேன்.

நான் ஈஜோக் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் ஃபிட்டர். டிராக்டர், தண்ணீர் பம்பு, களையெடுக்கும் இயந்திரம் எல்லாம் என் கைக்குத்தான் வரும். எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தை விற்று லயத்து வீடுகளை இடித்த பிறகு எல்லாரும் ஒரே தாமான் குடியிருப்புக்கு வந்தோம். லயம் போனாலும் ஒரு பழக்கம் போகவில்லை. அந்தக் காலத்தில் யாருக்கு ஆபத்து என்றாலும் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். போட்டது போட்டபடி எல்லாரும் ஓடுவார்கள். இப்போது அந்தத் தண்டவாளம் வாட்சாப்பில் தொங்குகிறது. ‘எட்டாங்கட்டை குடும்பம்’ என்று ஒரு குழு. அவன் ஏன் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை என்று கேட்டீர்களே, இதனால்தான். எங்கள் ஆட்களுக்கு உயிர் போகிறது என்றால் முதலில் கை போவது அந்தக் குழுவுக்குத்தான். வெளி ஆளைக் கூப்பிடுவது அதற்கப்புறம்.

தொடங்கியது பொங்கல் பட்டிமன்றத்தில். இந்த வருடத் தலைப்பு, எக்காலத்துக்கும் தலைசிறந்த தொலைக்காட்சி நகைச்சுவைப் பாத்திரம் யார் என்பது. நடுவர் சில்வெஸ்டர் சார். ஓய்வு பெற்ற வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டு, பொங்கலுக்கு மண்டபத்தில் தீர்ப்பு. இரண்டும் அவருக்கு ஒன்றுதான்.

‘லைன் வீடு’ என்று ஒரு தொடர் வந்தது. நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். அதில் இரண்டு பேரை இன்னும் எங்கள் ஆட்கள் மறக்கவில்லை. ஒருவன் ஜாகா சிங்காரம். மூடிக் கிடக்கும் தொழிற்சாலைக்குக் காவல்காரன். வாரா வாரம் திருடன் வந்துவிட்டான் என்று ஊரைக் கூட்டுவான். வந்து பார்த்தால் பூனையாக இருக்கும், இல்லையென்றால் காற்றில் ஆடும் தகரம். அடுத்த வாரமும் கூட்டுவான். இன்னொருத்தி தவுக்கே தங்கம்மா. மளிகைக்கடைக்காரி. கடைக்கு வருகிறவர்களைக் கிண்டல் செய்துகொண்டே சாமான் கட்டுவாள். கடைசியில் தன்னையே கிண்டல் செய்து முடிப்பாள்.

நான் சிங்காரம் கட்சி. இருசப்பன் தங்கம்மா கட்சி.

நான் வெள்ளைப்பலகை கொண்டுபோயிருந்தேன். படம் போட்டு விளக்கினேன். நகைச்சுவைப் பாத்திரம் ஓர் இயந்திரம். அதற்கு ஓர் ஆசை இருக்க வேண்டும், பட்டும் திருந்தக் கூடாது. திருந்தினால் தொடர் முடிந்தது. சிங்காரம் திருந்தவே மாட்டான்; ஆகவே அவன்தான் பழுதில்லாத இயந்திரம். தொடரில் பின்னால் கேட்கிறதே சிரிப்புச் சத்தம், அதையும் விளக்கினேன். மனிதன் தனியாகச் சிரிக்கத் தயங்குவான். கூட்டமாகச் சிரிப்பதற்குக் கொஞ்சம் முந்தி ஒரே ஓர் ஆள் சிரிக்க வேண்டும். அந்த முதல் சிரிப்பு விழுந்தால் இங்கே சிரிக்கலாம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதற்கப்புறம் யாரும் யோசிப்பதில்லை.

எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. விளக்கத்துக்கு யாரும் சிரிக்க வேண்டியதில்லை.

பிறகு இருசப்பன் எழுந்தான். செம்பனைக் குலை வெட்டுகிறவன், கல்யாணம் ஆகாதவன், அக்கா நல்லம்மாள் வீட்டில் இருப்பவன். மைக்கைக்கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை.

“நடுவர் அவர்களே, திருவண்ணன் நல்லாத்தான் பேசினாரு. ஆனா சிரிக்கிறதுக்கும் ஸ்பானர் எடுத்துட்டு வர்றாரேலா, நான் என்னா செய்வேன்?”

மண்டபம் அதிர்ந்தது. அவன் நான் பலகையில் கோடு போட்டதைப் போலப் போட்டுக் காட்டினான். நான் கண்ணாடியை ஏற்றிவிடுவது போல ஏற்றினான். நடுவில் உட்கார்ந்திருந்த என் மனைவி விமலா தலையைப் பின்னால் சாய்த்து, நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை, மேடம். தகவலாகச் சொல்கிறேன்.

அவன் சும்மா உட்கார்ந்திருந்தால் அதோடு போயிருக்கும். போகிற போக்கில் ஒன்று கேட்டான்.

“சிங்காரம் பாவம்ணே. ஒரு நாளு நெசமாவே திருடன் வந்துட்டா? அவன் கூப்புட்டா யாரு வருவா? அத ஏன் ஒரு வாரங்கூட காட்டல?”

கூட்டத்தின் சிரிப்பு நின்றது. சில்வெஸ்டர் சார் என் பக்கம் திரும்பினார். “திருச்செல்வம், பதில் இருக்கா?” நான் பலகையைத் துடைத்தேன். தங்கம்மாவுக்குத் தீர்ப்பு. பரிசு ஒரு ரைஸ் குக்கர். இருசப்பன் அதை நேராகக் கொண்டுவந்து விமலாவிடம் கொடுத்தான். “நான் ஒத்த ஆளு அண்ணி, அக்கா சட்டியில வடிச்சாத்தான் சோறுங்கும். நீங்க வச்சுக்குங்க.” இன்றும் எங்கள் வீட்டில் சோறு அதில்தான் வேகிறது. நல்ல குக்கர்.

எனக்குக் கோபம் இல்லை. பதில் சொல்லாமல் விட்ட கேள்வி, இறுக்காமல் விட்ட போல்ட் மாதிரி. எங்கேயோ ஆடிக்கொண்டே இருக்கும். அதை முடுக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். கேள்வியைக் கேட்டவனை வைத்தே முடுக்குவதுதான் முறை.

முதலில் முதலை செய்தேன். பழைய டிராக்டர் டயரை நீளமாக அறுத்து, அடியில் போத்தல் கட்டிக் கால்வாயில் மிதக்கவிட்டேன். எங்கள் பக்கத்து ஆற்றில் முதலை உண்டு என்பதால் நம்புவது சுலபம். காலையில் இருசப்பனின் குரல் குழுவில் வந்தது. “எல்லாரும் ஓடியாங்க, மொதல! புள்ளைங்கள கால்வா பக்கம் விடாதீங்க!” கம்போடும் பாராங் கத்தியோடும் ஓடினார்கள். டயரைப் பார்த்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். சிலருக்கு எரிச்சல், சிலருக்குப் பாவம் என்றுகூட இருந்தது. அந்த இடத்தில்தான் முதல் சிரிப்பு வேண்டும்.

என் சிரிப்பு உதவாது. ஸ்டார்ட் ஆகாத மோட்டார் மாதிரி இருக்கும். பட்டிமன்றத்தைத் தனேஷ் வீடியோ எடுத்திருந்தான், புக்கிட் பெருந்துங் ஃபேக்டரியில் வேலை செய்யும் பையன். அதிலிருந்து விமலாவின் சிரிப்பை மட்டும் அறுத்து எடுத்து வைத்திருந்தேன். பழைய போனில் அதை ஓடவிட்டு, புதுப் போனில் பிடித்துக் குழுவுக்கு அனுப்பினேன். கேட்பவர்களுக்கு விமலா என் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பது போல இருக்கும். விமலா அந்தக் குழுவில் இல்லை. அடுத்த நொடி எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அன்று மாலையே அவனுக்குச் சிங்காரம் என்று பெயர் விழுந்தது.

அடுத்தது ஆள். பட்டறைச் சட்டைக்குள் தேங்காய் மட்டையைத் திணித்து, குப்புறக் கவிழ்த்து மிதக்கவிட்டேன். இருசப்பன் குழுவில் கத்திவிட்டுக் கால்வாயில் குதித்துவிட்டான். அவனுக்கு நீச்சல் அவ்வளவாகத் தெரியாது. மட்டைப் பொம்மையைக் கட்டிப்பிடித்துக் கரையில் போட்டு, அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தபோது தனேஷ் வந்துவிட்டான். ஷிஃப்டை விட்டுவிட்டு வந்திருந்தான். “மாமா, சூப்பர்வைசர் என்னைய ஏசப்போறான், நீங்க மட்டைக்கு முதலுதவி செய்றீங்களா?” அந்தப் படம் குழுவில் பல நாள் ஓடியது.

அவன் என்னைச் சந்தேகப்படவில்லை. பட்டறைக்கு வந்து காலியான எண்ணெய் டின்னில் உட்கார்ந்தான்.

“யாரு செய்றாங்கன்னே தெரியலண்ணே.”

“அப்ப கூப்புடாம இருடா.”

“எப்புடிண்ணே? ஒரு வேள நெசமா இருந்துட்டா?”

கவனித்தீர்களா? பட்டும் திருந்தவில்லை. நான் பலகையில் எழுதியது சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. எஞ்சின் சூடாகிவிட்டால் சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. காட்டுப்பன்றி வந்திருக்கிறது என்று அவன் உண்மையாகவே சொன்னபோதும் ஒருவரும் போகவில்லை. இனி ஒரு நாள் ஆபத்து நிஜமாக வரவேண்டும். அதை நான் செய்யக் கூடாது. செய்தால் சோதனை செல்லாது. காத்திருந்தேன்.

டிராக்டர் பிரேக்கைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் பிரேக்கைத் தொடவில்லை. நான் பழுது பார்த்த வண்டியை நானே கெடுப்பது என் வேலைக்கு அவமானம். மழையில் கரை இளகியிருந்தது. குலை ஏற்றிய மினி டிராக்டர் சரிந்து, அவனையும் இழுத்துக்கொண்டு கால்வாயில் இறங்கியது. இடுப்புக்குக் கீழே டிரெய்லர் அழுத்திவிட்டது. நெஞ்சுக்குமேல் தண்ணீருக்கு வெளியே இருந்தான். போன் சட்டைப்பையில், பிளாஸ்டிக் உறையில். எல்லாவற்றையும் எதிர்க்கரையிலிருந்து பார்த்தேன். பம்புக் கொட்டகையில் நின்றிருந்தேன். நான் அங்கே நிற்பது அவனுக்குத் தெரியாது.

அந்தக் கால்வாய் ஆற்றில் சேரும் இடத்தில் ஓர் இரும்புக் கதவு உண்டு. அழகான வேலை அது, மேடம். யாரும் திறக்க வேண்டாம், மூட வேண்டாம். கடல் இறங்கும்போது கால்வாய்த் தண்ணீர் கதவைத் தள்ளித் திறந்து வெளியே போகும். கடல் ஏறும்போது ஆற்றுத் தண்ணீர் அதே கதவைத் தள்ளி மூடிவிடும். மூடிய பிறகு தோட்டத்து மழைத்தண்ணீருக்குப் போக இடமில்லை. அங்கேயே மெல்ல ஏறும். அன்று பிற்பகல் கடல் ஏறும் நேரம். ஏறும் தண்ணீரை இறைக்கத்தான் பம்பு. சாவி அதிலேயே இருந்தது.

ஆமாம், ஓடும் நிலையில்தான் இருந்தது. என் பம்பு எப்போதும் ஓடும்.

குழுவில் அவன் குரல் வந்தது. “டிராக்டர் கவுந்துருச்சு. கால் மாட்டிக்கிச்சு. தண்ணி ஏறுது, யாராச்சும் வாங்க.” உடனே யாரும் சிரிக்கவில்லை. சில்வெஸ்டர் சார் ஏதோ எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. அவர் தயங்குகிறார் என்று எனக்குப் புரிந்தது. ‘எங்கே இருக்கே?’ என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஊரே ஓடியிருக்கும்.

நான் புதுப் போனிலிருந்த விமலாவின் சிரிப்பை அனுப்பினேன்.

தனேஷ் சிரித்தான். பின்னால் வரிசையாக எல்லாரும். சில்வெஸ்டர் சார் எழுதிக்கொண்டிருந்ததை அழித்துவிட்டு, ‘சிங்காரம், இந்த வாரம் என்னப்பா, திமிங்கலமா?’ என்று போட்டார். யார் யார் கேட்டார்கள் என்று அழுத்திப் பார்த்தேன். இருசப்பனும் கேட்டிருந்தான்.

தண்ணீர் தாடையைத் தொட்டபோது என்னைக் கூப்பிட்டான். டிராக்டர் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எடுத்தேன்.

“அண்ணே, இது நெசம்ணே.”

“தெரியும்டா,” என்றேன்.

அவன் கெஞ்சுவான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

“அண்ணி எதுக்குண்ணே சிரிச்சாங்க?”

தெரியாமல் போகவேண்டாம் என்று விளக்கினேன். அந்தச் சிரிப்பு எந்த வீடியோவில் எடுத்தது, எப்படி அறுத்தேன், முதல் சிரிப்பு விழாவிட்டால் கூட்டம் எப்படித் தயங்கும், எல்லாம். பட்டிமன்றத்தில் அவன் கேட்ட கேள்விக்கும் பதில் சொன்னேன். யாரும் வர மாட்டார்கள் என்று. பாதியில் அவன் மூச்சு நின்று, தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. நான் முழுவதும் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனை வைத்தேன்.

பிறகு பம்பை ஓடவிட்டேன். தண்ணீர் அதிகம் நின்றால் செம்பனை வேர் அழுகும்.

சாவு வீட்டில் எல்லாரும் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சில்வெஸ்டர் சார் ஜெபப் புத்தகத்தைத் திறக்காமலே கையில் வைத்திருந்தார். நல்லம்மாள் தம்பியின் போனை மடியில் வைத்து, குழுவில் வந்ததை ஒவ்வொன்றாக அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த இடம் வந்ததும் விமலாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏம்மா, எந்தம்பி தண்ணியில கெடந்து கூப்புடுறான். நீ சிரிச்சியா?”

விமலா தன் சிரிப்பைத் தானே கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள். என்னைப் பார்த்தாள். எழுந்து, வீட்டுக்குப் போய், என் மேசை டிராயரிலிருந்த பழைய போனை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள். மழையில் நடந்தே வந்தாள் என்று சொன்னீர்கள். குடை வாசலில்தான் இருந்தது.

பொறாமையா என்று கேட்டீர்கள். இருசப்பன்மேல் எனக்கு என்ன பொறாமை? அவனிடம் ஒரு குக்கர்கூட இல்லை. இது ஒரு விவாதம், அதில் பதில் பாக்கியிருந்தது, கொடுத்துவிட்டேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஓர் உதவி. அந்தப் பழைய போனைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள், அதிலிருக்கும் சிரிப்பை மட்டும் யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடும்போது நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வேன். விமலா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவள் போன பிறகு, நான் சொன்னதை இன்னொரு முறை மெதுவாகச் சொல்லிவிட்டு அதைப் போடுவேன். கேட்டுப் பாருங்கள், மேடம். எனக்காகவே சிரித்தது போல இருக்கும்.