அரைப் பூச்சி

கோரிப்பாளையத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்களில் ஒருத்தியின் மடியில் கண்ணாடி ஜாடி. மூடியைச் சுற்றி மெழுகு, உள்ளே பச்சைத் தண்ணீர், அடியில் கொஞ்சம் வண்டல்.

"கணக்குப்படி இன்னிக்கு ஜாடிக்குள்ள அரைப் பூச்சி இருக்கணும்டி," என்றாள் ஜாடிக்காரி. பக்கத்தில் ஜன்னலோரம் கண்ணயர்ந்திருந்த எனக்கு விழிப்பு வந்தது.

"அரைப் பூச்சியா?" என்றாள் தோழி.

"பூச்சி பாசியத் தின்னும். பாசி தீர்ந்தா பூச்சியும் குறையும். கம்ப்யூட்டர்ல போட்ட கணக்குல பூச்சி எண்ணிக்கைக் கோடு அரைக்கு இறங்கி மறுபடி ஏறுது. ஜாடியில ஒண்ணக்கூடக் காணோம்."

"அரைப் பூச்சி எப்படிடி பெருகும்? ஒண்ணுக்குக் கீழ போனா செத்துப்போச்சுன்னு கணக்குல சொல்லியிருக்கணும்ல?"

"மறந்துட்டேன். ஆராய்ச்சி கைடு சிரிச்சுட்டு, ஜாடியக் கொட்டிரச் சொல்லிட்டாரு. மனசு வரல, வீட்டுக்குக் கொண்டு போறேன்."

"கண்மாயில ஒரு பூச்சியப் பிடிச்சு உள்ள விட்டுரு. யாருக்குத் தெரியப் போகுது?"

ஜாடிக்காரி மூடியின் மெழுகைத் தடவிப் பார்த்தாள். சாயங்கால வெயில் ஜாடிக்குள் இறங்கி, அவள் துப்பட்டாவில் பச்சையாக அசைந்தது. திருநகர் நெருங்கும்போதுதான் மெதுவாகச் சொன்னாள்.

"சாகுறதுக்கு முன்னாடி அதுக வண்டல்ல முட்டை விட்டுட்டுப் போகுமாம். முட்டைய அரைப் பூச்சின்னு சொல்லலாம்ல?"

தோழி வண்டலையே பார்த்தாள். பஸ் பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியது. சட்டென்று தோழியே ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்பக்கம் பார்த்துக் கத்தினாள்:

"அண்ணே, மெதுவாப் போங்கண்ணே! முட்டை இருக்கு!"