மக்காமேயின் கிராம்பு மரத்தில் ஏழு கிளை

பெயர் சுபிரா ஃபாக்கி. வயது நாற்பத்து மூன்று. கணவர் ஹமத், மீன் பிடித்தவர், காலமாகிவிட்டார். பெம்பா தீவில் வேத்தேயிலிருந்து கோன்டே போகும் சாலையில், இறக்கத்து வளைவில் குடியிருந்து, வாசலிலேயே வறுத்த மரவள்ளிக்கிழங்கும் மீனும் விற்றுப் பிழைக்கிறேன். இதற்கு முன் காவல் நிலையத்துக்கு வந்ததில்லை. இப்போதும் கூப்பிட்டதால்தான் வந்தேன்.

சென்ற வியாழக்கிழமை மதியம் மூன்றரை மணி இருக்கும், பெருமழை. அப்போது மேட்டிலிருந்து வெள்ளை ஜீப் ஒன்று இறங்கி வந்து, வளைவில் செம்மண் சேற்றில் வழுக்கி ஒரு சுற்றுச் சுற்றி, இடதுபக்கம் கரையில் மோதி, ரோட்டை மறித்துக்கொண்டு நின்றுவிட்டது. நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஓட்டியவன் கடலுக்கு அந்தப் பக்கம் மோஷியிலிருந்து தேன்நிலவுக்கு வந்த பையன், பெயர் காட்லிசன், ஜீப் வாடகைக்கு எடுத்தது. அவன் மனைவி பெயர் ஹேப்பினஸ். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவள் ஓவென்று அழுதாள், நசுங்கிய கதவுக்கும் இருக்கைக்கும் நடுவில் அவள் கால் மாட்டியிருந்தது.

முன் டயர் இரண்டும் மொட்டை. நான் பார்த்துவிட்டு, "வாடகைக்கு எடுக்கறப்ப டயரப் பாக்க மாட்டியாடா? என் மாமனார் தலையில இதவிட முடி ஜாஸ்தி" என்றேன். அவன், "அக்கா, அப்புறமா எவ்வளவு வேணாலும் திட்டுங்க, இப்ப கால எடுக்க வழி சொல்லுங்க" என்றான். இழுத்துப் பார்த்தோம், கதவு அசையவில்லை.

அதன்பின் மணி கேட்டேன். நாலாக எட்டு நிமிடம் என்றான். நாலு மணிக்கு அதே மேட்டிலிருந்து டாலடாலா இறங்கும். பெஞ்சு போட்ட லாரி, இருபது பேருக்குக் குறையாது. டிரைவர் கொம்போ பிரேக்கை நம்புகிறவன் அல்ல, ஹாரனை நம்புகிறவன். வளைவு திரும்பிய பிறகுதான் ஜீப் அவன் கண்ணில் படும், பட்டு என்ன பயன். வண்டி நின்றுவிட்டால் எச்சரிக்கைக்கு ரோட்டில் வைக்கும் சிவப்பு முக்கோணம் ஜீப்பில் இருக்கும் என்று தேடினோம். அதன் பெட்டி இருந்தது, உள்ளே கடற்கரை மணல்தான் இருந்தது.

எங்கள் பக்கம் வண்டி நின்றுவிட்டால் பச்சைக் கிளைகளை வெட்டி ரோட்டில் வரிசையாகப் போடுவோம். கிளை கிடந்தால் எப்பேர்ப்பட்ட டிரைவரும் பிரேக்கில் கால் வைப்பான். அன்று தென்னை மட்டை எட்டவில்லை, மாமரம் நிற்பது ஓடைக்கு அந்தப் பக்கம், ஓடை இடுப்பளவு ஓடியது. மேட்டில் கைக்கெட்டும் உயரத்தில் நின்றவை மக்காமே ஷாலியின் கிராம்பு மரங்கள் மட்டுமே. அனுமதியில்லாமல் கிராம்பு மரத்தில் கத்தி வைப்பது குற்றம் என்று இந்தத் தீவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மீன் நறுக்கும் கத்தியால் ஏழு கிளைகளை வெட்டி, மேடு வரைக்கும் போட்டுக்கொண்டே ஓடினேன்.

அதன்பின் டாலடாலா வந்தது. முதல் கிளையிலேயே கொம்போ பிரேக் பிடித்தான். அப்படியும் வண்டி சறுக்கிக்கொண்டே போய், ஜீப்புக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. வந்தவர்கள் கடப்பாரையால் கதவைப் பெயர்த்து அந்தப் பெண்ணை வெளியே எடுத்தார்கள். கொம்போவுக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கியவர் மட்டும் அவளைப் பார்க்கவில்லை. அவர் சக்கரத்தடியில் கிடந்த கிளையை எடுத்து முகர்ந்து பார்த்து, "இது யார் மரத்துல வெட்டினது?" என்று கேட்டார். அவர்தான் புகார் கொடுத்த மக்காமே ஷாலி. "உங்க மரந்தாண்ணே" என்றேன்.

வெள்ளிக்கிழமை மோஷிக்காரர்கள் படகேறிப் போய்விட்டார்கள். சனிக்கிழமை மக்காமே என் கடைக்கு வந்தார். புகார் கொடுத்ததற்கு ஊரே அவரைக் காறித் துப்பிக்கொண்டிருந்தது. "சுபிரா, அந்த மோஷிக்காரன் வெட்டினான்னு சொல்லிடு. அவன்தான் போயிட்டானே. உனக்கும் ஜெயில் இல்ல, எனக்கும் பொல்லாப்பு இல்ல" என்றார். அதற்கு நான், "தப்பு பண்ணினவதான் அடுத்தவன் தலையில கட்டுவா. நான் என்ன தப்புண்ணே பண்ணினேன்?" என்று கேட்டேன். அவர் கிழங்கு வாங்காமலே போய்விட்டார்.

வெட்டியது நான்தான். நாளைக்கே அந்த வளைவில் இன்னொரு வண்டி நின்றாலும் வெட்டுவேன், அதே மரத்தில் வெட்டுவேன். சிறை என்றால் இப்போதே போகலாம், அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். மக்காமே அண்ணனிடம் ஒன்று மட்டும் கேட்டு, அவர் சொல்லும் பதிலை இதற்குக் கீழே எழுதிக்கொள்ள வேண்டும்: வியாழக்கிழமை அவர் அந்த டாலடாலாவிலிருந்து தன் காலால் இறங்கினாரா, இல்லை நாலு பேர் தூக்கி இறக்கினார்களா?

இதில் முதலில் "அவசரத்தில் தெரியாமல் வெட்டிவிட்டேன்" என்று அதிகாரி எழுதியிருந்தார். அதை அடிக்கச் சொன்னேன், என் கண் முன்னால் அடித்தார். மீதியை நானே வாசித்துப் பார்த்தேன், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(கையெழுத்து) சுபிரா ஃபாக்கி