நோட்டில் இருப்பது என் ரத்த அழுத்தம்

எனக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்காது, டாக்டர். ஆனால் கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் பெரும்பாலும் அப்படித்தான் சாப்பிட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் கப்பல் இன்ஜினியர். வருஷத்தில் பத்து மாதம் கடலில் இருப்பார். மகளும் படிக்கப் போன பிறகு ரேடியோவை எதிரே வைத்துக்கொண்டு சாப்பிடுவேன்.

பக்கவாதம் வந்து அவர் வீட்டோடு தங்கியபோது எல்லோரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். நான் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். அவரைத் தோளில் தாங்கிக் கூடத்தில் நடத்தினேன். தடுமாறினால், "இன்னிக்கு அலை ஜாஸ்தி போல, கேப்டன்" என்று என்னைக் கிண்டல் செய்வார். நாங்கள் காதலித்தது அந்த ஏழு மாதத்தில்தான்.

ரத்த அழுத்த மாத்திரையை எழுதித் தரும்போது நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. அழுத்தத்தைக் குறைப்பதோடு, பாதிக்கப்பட்ட மூளையையும் அது காக்கக்கூடும், ஆராய்ச்சி நடக்கிறது, ஒருநாள்கூட நிறுத்தக்கூடாது என்றீர்கள். நான் நிறுத்தவில்லை. அவர் தேறினார். பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வர முடியுமா என்று துறைமுக அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வேறு ஊர்.

"நானும் வர்றேங்க" என்றேன்.

"அங்க ஒரு ரூம்தான்மா தருவாங்க. நீ இங்கயே இரு. உனக்குத்தான் பழக்கமாச்சே."

கோபமாகச் சொல்லவில்லை. பெட்டியைத் தூசி தட்டிக்கொண்டே சொன்னார்.

மறுநாளிலிருந்து ரத்த அழுத்த மாத்திரைக்குப் பதில் என் சத்து மாத்திரையைக் கொடுத்தேன். இரண்டும் வெள்ளை, ஒரே அளவு. கொஞ்சம் தளர்ந்தால் பயணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் நினைத்தேன்.

தினமும் அழுத்தம் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லியிருந்தீர்கள். நூற்று அறுபது, நூற்று எழுபத்தெட்டு என்று ஏறிக்கொண்டே போனது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எண் தெரியாது. இல்லாத எண்ணைக் கற்பனையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால் சமையலறைக்குப் போய், அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டையை என் கையில் சுற்றி, வந்ததை எழுதினேன். அதைப் பார்த்துத்தான், "இப்படி ஒரு மனைவி எல்லாருக்கும் கிடைக்கணும்" என்றீர்கள்.

மூன்றாவது வாரம் தலை வலிக்கிறது என்றார். "இந்த மாத்திரை எனக்குக் கேக்குதா?" என்று என்னிடம் கேட்டார்.

"கேக்குதுங்க."

தண்ணீர் வாங்கிக் குடித்தார். இரண்டு நாள் கழித்து, ஷூ மாட்டக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை.

அழுத்தம் இவ்வளவு சீராக இருந்தும் இரண்டாவது தடவை ஏன் வந்தது என்று இன்று கேட்டீர்கள். அதனால்தான் சொல்கிறேன். நான்தான் செய்தேன்.

அவருக்கு இப்போது பேச்சில்லை. மகளைத் தெரியவில்லை. உள்ளங்கையில் விரலை வைத்தால் மட்டும் இறுகப் பற்றிக்கொள்கிறார். அது நரம்பு செய்வது, துண்டை வைத்தாலும் பற்றுவார் என்கிறாள் நர்ஸ். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்?

நீங்கள் எழுத வேண்டியதை எழுதுங்கள், டாக்டர். என்னை அழைத்துப்போக வருபவர்களிடம் மட்டும் கொஞ்சம் சொல்லி வையுங்கள். நான் போகத் தயார்தான். அவர்தான் என் கையை விட மாட்டார்.