சைகால் கேட்டது

மன்றத் தலைவர் மதிப்பிற்குரிய தோக்தொசுன் அவர்களே! வெள்ளைத் தொப்பிகளால் முன்வரிசையை ஒளிரச் செய்யும் பெரியோர்களே! குதிரைப்பால் கறந்த கையின் ஈரம் காயுமுன் ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

புகழ் பாட வரவில்லை. என் பிழை சொல்ல வந்திருக்கிறேன்.

என் மூன்றாம் வகுப்பு மாணவி சைகாலை அறிவீர்கள். "புத்தகத்தை மூடு, நோட்டைத் திற" என்பேன், புத்தகத்தைத் திறப்பாள். பேசினால் பாதிச் சொல் குழறும். பிள்ளைகள் பழித்துக் காட்டினார்கள். தடுத்தேனா நான்? இல்லை! கவனமில்லை, கற்கும் திறனில்லை, தலைநகரச் சிறப்பு விடுதிப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று கடிதம் எழுதினேன்.

கடிதத்தோடு வந்தார் அவள் தாய் அனார்குல்.

"டீச்சரக்கா, ஒரு தடவ எங்க மேய்ச்சக்காட்டுக் கூடாரத்துக்கு வாங்க. வராம எம்புள்ளய அனுப்பப் பாத்தீங்க, இந்தக் காயிதத்துல மோர ஊத்திருவேன்!"

சிரிக்கிறீர்கள்! ஊற்றக்கூடியவர்தான், அதோ, அவரும் சிரிக்கிறார்.

போனேன். கம்பளி சூழ்ந்த கூடாரம். அதற்குள் அப்படியோர் அமைதி. மகளின் முகம் பார்த்து, "சிவப்புக் கிண்ணத்தக் கழுவி, அப்பா பக்கத்துல வச்சுட்டு, வாசத் திரைய மூடு" என்றார் தாய். மூன்றையும் முறையாகச் செய்தாள் சைகால்!

"பள்ளிக்கூடத்துல ஏன்டி இப்படிச் செய்ய மாட்டேங்குற?" என்று கேட்டேன்.

"அங்க எல்லார் பேச்சும் ஒண்ணு மேல ஒண்ணு விழுது டீச்சரக்கா. உங்களோடது எதுன்னு தேடறதுக்குள்ள முடிஞ்சிருது."

எட்டு வயதுக் குழந்தை சொன்னாள், தலை குனிந்தேன். கடிதத்தை அங்கேயே கிழித்தேன்.

நரின் நகர மருத்துவரிடம் சேர்ந்தே போனோம். "காதுல பழுதில்ல. இரைச்சல்ல சொல்லப் பிரிச்செடுக்க மூளைதான் திணறுது. முன்னால உக்கார வைங்க, முகம் பாத்துச் சுருக்கமாச் சொல்லுங்க, எதிரொலியக் குறைங்க. பேச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் கூட்டிட்டு வாங்க" என்றார்.

எதிரொலிக்கும் வகுப்பறைச் சிமெண்ட் சுவரை மறைத்தது யார்? நீங்கள்! ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கம்பளி விரிப்பு வந்தது. மகளின் சீதனத்துக்கு வைத்திருந்ததையே கொடுத்தார் ஒரு தாய். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்!

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. இன்னும் தடுமாறுகிறாள், எழுதினால் எழுத்துகள் இடம் மாறுகின்றன. ஆனால் சென்ற வாரம், அவளைப் பழித்துக் காட்டிய பெர்மெத்தின் தோளைத் தொட்டு, "வேகமாப் பேசறடி நீ. திரும்பச் சொல்லு" என்றாள். பெர்மெத் திரும்பச் சொன்னாள், நின்று, நிதானமாக!

கேட்கவில்லை என்று நாம் ஒதுக்கிய பிள்ளை, கேட்கக் கற்றுவிட்டாள்! வெட்கமின்றி, வேண்டியதை வாய்விட்டுக் கேட்கிறாள்! இனி நம் பிள்ளைகளில் யார் கேட்டாலும், இரண்டாம் முறை சொல்வோமா? மூன்றாம் முறையும் சொல்வோமா?

சொல்வோம் என்கிறீர்கள். அது போதும் எனக்கு. நன்றி, வணக்கம்!