பீரில் ரசம் வாசனை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அமெரிக்காவில், பேர்லேண்ட் கோயிலில் புளியோதரைக்கு நீள வரிசை. எனக்கு முன்னால் வேட்டி கட்டிய இருவர். கண்ணாடி போட்டவர் சொன்னார்:

“நேத்து பாட்டிலைத் திறந்தா, பீர்ல ரசம் வாசனை வருது.”

“மெதுவாப் பேசுங்க சார். எப்பவும் ரெடிமேட் கிட் வாங்கித்தானே வீட்ல பீர் காய்ச்சுவீங்க?”

“இந்தத் தடவை மால்ட் பார்லி, ஹாப்ஸ் பூ எல்லாம் நானே செலக்ட் பண்ணேன். கொத்தமல்லி விதையும் போடலாம்னு படிச்சேன். பழக்க தோஷம், வறுத்துப் போட்டுட்டேன்.”

“கீழ ஊத்திட்டீங்களா?”

“ஊத்தத்தான் போனேன். என் வைஃப் பிடுங்கி ஒரு வாய் குடிச்சா.”

“அவங்களா? பீர் வேலையெல்லாம் கராஜைத் தாண்டி வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னாங்களே!”

“அவளேதான். கிட்ல எவ்வளவோ தடவை காய்ச்சியிருக்கேன், என்ன போட்டேன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. நேத்து கேட்டா. இதுக்குப் போய் மல்லியை யாராவது வறுப்பாங்களான்னு ஒரே திட்டு.”

வரிசை நகர்ந்தது. புளியோதரை வாசனை இங்கே வரை வந்தது.

“அப்புறம்?”

“அப்புறமென்ன, காலைல கராஜ்ல பார்த்தா காய்ச்சற பானையைக் காணோம். கிச்சன்ல, அடுப்பு மேல இருக்கு. பக்கத்துல ஒரு கிண்ணத்துல வறுக்காத மல்லி.”