சீர் வண்டி

லக்கேஜ் இல்லீங்க கண்டக்டர், வண்டி. ஆமா, வண்டியேதான். வண்டிக்குள்ள வண்டி ஏறக் கூடாதுன்னு சட்டமா என்ன? சரி சரி, கிழிங்க, உங்ககூட எனக்கென்ன வம்பு. பழனிக்கு எனக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணு.

செத்த கால மடக்கிக்கிங்க தம்பி. இத இப்பிடி நடுவுல நிப்பாட்டிக்கிறேன். படுக்க வைக்கக் கூடாதாம். இல்ல, ஸ்பீக்கர் இல்ல. போன தடவ ஒரு அம்மா மாவு மிஷினான்னு கேட்டுச்சு, ஆமாத்தான்னு சொல்லிட்டேன், யாரு வெளக்குறது. கரண்டு வண்டி தம்பி. ஒத்தச் சக்கரம். யூனிசைக்கிள்னு சொல்றாக. இந்தா, ரெண்டு பக்கமும் மடக்கி வச்சிருக்குல்ல, இது பெடலு. எறக்கி விட்டு ரெண்டு காலயும் வச்சு ஏறி நின்னா போவும். மிதிக்கல்லாம் வேணாம், சும்மா நிக்கணும். முன்னால சாஞ்சா போவும், பின்னால சாஞ்சா நிக்கும். சீட்டு கிடையாது, ஹேண்டில்பார் கிடையாது, பிரேக்குன்னு தனியா ஒண்ணு கிடையாது. சிரிங்க, சிரிங்க. நானும் மொதல்ல அப்பிடித்தான் சிரிச்சேன்.

நானா? நான் எங்குட்டு இதுல ஏற. எனக்கு நிலக்கோட்டைக்கிட்ட மல்லிகத் தோட்டம். வரப்புல ஒழுங்கா நடந்தாப் போதாதா. இது மருமகனுக்குப் போட்ட சீரு. ரிப்பேருக்கு வந்துச்சு, இன்னைக்கிக் கொண்டுபோயி ஒப்படைக்கணும். கீரனூரு. பழனில எறங்கி வேற பஸ் மாறணும்.

அத ஏன் கேக்குறீங்க. சம்மந்தம் பேச வந்தப்ப, எங்களுக்கு ஒண்ணும் வேணாமுங்க, உங்க புள்ளைக்கு நீங்க செய்யிறதச் செய்யுங்கன்னுட்டாக. எம்புட்டுப் பெரிய மனசுன்னு எம் பொஞ்சாதி அய்யம்மா அழுதே போட்டா. மறுநா மத்தியானம் மாப்ள எனக்கு வாட்சப்புல ஒரு வீடியோ அனுப்புறாரு. பாண்டியராஜ்னு பேரு, வீட்ல இருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பாக்குறாரு. வீடியோவுல ஒரு வெள்ளக்காரன் இதுமேல நின்னுக்கிட்டு மலையேறுறான். கீழ, மாமா இது நல்லாருக்குதுங்களான்னு ஒரு வரி. நல்லாத்தான இருக்கு? கட்டவெரல ஒசத்திக் காட்டுற பொம்மை ஒண்ணு இருக்குல்ல, அதத் தட்டி விட்டேன். அம்புட்டுதான் தம்பி நான் செஞ்சது. பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடியே கீரனூர் பூராவும் சொல்லியாச்சு, பொண்ணு வீட்ல ஒத்தச் சக்கர வண்டி போடுறாகன்னு. பொம்மைய நாந்தான தட்டுனேன், இல்லைன்னு சொல்ல முடியுமா?

நீங்களும் வாங்கப் போறீங்களா? எதுக்கு, வேலைக்குப் போகவா? அப்பக் காதுல வாங்கிக்கங்க, எனக்கு இதுல கொஞ்சம் அனுபவம் ஆயிப்போச்சு. கடைக்காரன் மொதல்ல வேகத்தச் சொல்லுவான். அத விடுங்க. உள்ள இருக்குற பேட்டரி எந்தக் கம்பெனி செல்லுன்னு கேளுங்க. மென்னு முழுங்குனான்னா எந்திரிச்சு வந்துருங்க. ஏன்னா, ரெண்டு சக்கர வண்டில கரண்டு போச்சுன்னா வண்டி நிக்கும். இதுல கரண்டு போச்சுன்னா வண்டி நிக்காது, நாமளும் நிக்க மாட்டோம், தார் ரோட்டுல மூஞ்சிதான் போயி நிக்கும். பெறகு, உங்க எடைக்கு அது தாங்குமான்னு பாருங்க. நீங்க என்னய மாதிரி ஒல்லியா இல்ல, கோவிச்சுக்காதீங்க. அதவிட முக்கியம், பக்கத்துல இதப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச ஆளு இருக்கா, ஸ்பேர் கெடைக்குதா. எனக்குத் திண்டுக்கல் பேகம்பூர்ல ஹஸ்ஸான் பாய் இருக்காரு, பேட்டரி வண்டிக் கடை. இல்லைன்னா நான் எங்குட்டுப் போயி முட்ட.

பழசா? பழசு வாங்கலாம், தப்பில்ல. ஸ்குரூ தலையெல்லாம் தேஞ்சிருக்கான்னு பாருங்க, தேஞ்சிருந்தா அடிக்கடி தெறந்த வண்டி. தூக்கிப் புடிச்சுச் சக்கரத்தக் கையால சுத்தி விட்டு, காத வச்சுக் கேளுங்க. கரகரன்னா பேரிங் போச்சு. ஓட்டிப் பாருங்கன்னு நான் சொல்ல மாட்டேன், உங்களுக்கு எப்பிடியும் ஓட்டத் தெரியாது.

அம்புட்டும் பாத்துத்தான் வாங்குனேன். ஹஸ்ஸான் பாயே கேட்டாரு, கருப்புசாமி அண்ணே, கல்யாணம் உங்களுக்கா மாப்ளைக்கான்னு.

மாப்ளயவா? அவர இப்பிடி விசாரிச்சேனான்னா? எல்லாரும் அதத்தான் தம்பி கேக்குறாக. நீங்க கேக்கக் கொஞ்சம் நேரமாச்சு, ரெட்டியார்சத்திரத்துலயே கேப்பீங்கன்னு நெனச்சேன்.

வண்டி நல்ல வண்டி. அதுல ஒரு கொறை சொல்ல மாட்டேன். ஓட்டுறவரு காத்து பாக்க மாட்டாரு. வாரம் ஒருக்க டயருக்குக் காத்து பாக்கணும், இருக்குறது ஒரே டயரு, அதப் பாக்க நோவுதா. பெடல் போல்ட்ட அப்பப்ப இறுக்கணும். தண்ணி ஓஸப் போட்டுக் கழுவக் கூடாது, ஈரத்துணில தொடைக்கணும். ரொம்ப நாளு ஓட்டாம வைக்கிறதா இருந்தா பாதிச் சார்ஜுல வைக்கணும், முழுசா ஏத்தி வச்சா பேட்டரிக்கு ஆகாது. அப்பறம், ஓட்டுறப்ப பீப் பீப்புன்னு சத்தம் குடுக்கும். இதுக்கு மேல என்னால முடியாதுன்னு அர்த்தம். அதுக்கும் கேக்கலைன்னா பெடல முன்பக்கமாத் தூக்கிக் குடுத்து நம்மளப் பின்னால தள்ளும். அப்பவும் கேக்காம அழுத்துனீங்கன்னா ஒரேடியா அணைஞ்சிரும். மூணு வாட்டி சொல்லிட்டுத்தான் தம்பி அது செய்யிது. காதுல பாட்ட மாட்டிக்கிட்டு ஓட்டுனா அது என்ன செய்யும்.

மொதல்ல பஞ்சரு. அப்பத்தான் தெரிஞ்சுது, அவுக பக்கம் ஒரு வழக்கம் இருக்கு. சீரு போட்டவகதான் ரிப்பேரும் பாக்கணும். கிரைண்டர் மோட்டார் கருகிப் போனாலும் பொறந்த வீட்டுக்கு வரும், காயில் சுத்திக் குடுக்கணும். இதுவும் வந்துச்சு. யாரு கொண்டாருவா? மாப்ளைக்கு வேலை. எம் புள்ள கௌசல்யாதான். இந்தா, இந்தக் கைப்பிடி மேல நீளும், அதப் புடிச்சு சூட்கேஸ் மாதிரி இழுத்துக்கிட்டு பழனி பஸ்ஸ விட்டு எறங்கி வருது. கல்யாணம் ஆயி அம்புட்டு நாளா, ஒரு விசேசத்துக்குக்கூட அனுப்பாதவுக, சக்கரம் பஞ்சர் ஆனதுக்கு அனுப்புனாக. ரெடியானதும் கூடவே வந்துரணும்னு சொல்லி. வண்டி இங்க இருக்குற வரைக்கும் புள்ள இங்க. வண்டி கெளம்புனா புள்ளயும் கெளம்பணும். ஏற்பாடு அது.

வந்து மூணு வேளையும் சாப்புட்டுச்சு, தூங்குச்சு. தோட்டத்துல பூ ஆயப் போற பொம்பளைகளோட காலைல போயி, சிரிச்சுக்கிட்டு வந்துச்சு. மாப்ள தெனமும் போன் போடுவாரு. ஏனுங்க மாமா, என்ன ஆச்சுங்க, டயர் வந்துருச்சுங்களா, சார்ஜ் எத்தன பர்சென்ட்டு இருக்குதுங்க. நல்லாருக்கு மாப்ளன்னு சொல்லுவேன். கௌசல்யாவும் நல்லாருக்குன்னு நானாச் சேத்துச் சொல்லுவேன். சரிங்க மாமான்னு வச்சிருவாரு.

அடுத்து சார்ஜர். அதுக்கடுத்து மழைத்தண்ணி உள்ள போயிருச்சுன்னு. பெறகு ஸ்விட்சுப் போட்டா எரியல. ஒவ்வொரு தடவயும் புள்ள இழுத்துக்கிட்டு வருது. எனக்கு வெக்கமாப் போச்சு, பாத்துப் பாத்து எடுத்த வண்டி இப்பிடிப் பேர வாங்கித் தருதேன்னு. ஹஸ்ஸான் பாய்கிட்டப் போயி சண்ட புடிச்சேன். அவரு மூடியக் கழட்டிப் பாத்துட்டு, அண்ணே இதுல ஒண்ணுமே இல்ல, உள்ள ஒரு ஒயரோட சாக்கெட்டுப் பிரிஞ்சு கெடக்கு, கிளிப்பு போட்ட சாக்கெட்டு தானாக் கழறாது, யாரோ பதவிசா எடுத்து விட்டிருக்காகன்னாரு. ஒடைக்காம, கீறாம, அம்புட்டு பதவிசா.

எம் புள்ள பாலிடெக்னிக்ல எலக்ட்ரிக்கல் முடிச்சது தம்பி. பத்திரிகைல பேருக்குப் பின்னால போட்டிருந்தோம். அவுக யாருக்கும் அது ஞாபகத்துல இல்ல.

என்ன சொல்லச் சொல்றீங்க? புள்ளகிட்ட நான் ஒண்ணும் கேக்கல. ஹஸ்ஸான் பாய்கிட்ட, அவசரமில்ல, நிதானமாப் பாருங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அவரு என் மூஞ்சியப் பாத்தாரு, சாக்கெட்ட மாட்டாம வண்டிய ஒரு மூலைல வச்சாரு. போர்டு சென்னைல இருந்து வரணும்னு மாப்ளைக்கு அவரே போன்ல சொன்னாரு. நல்ல மனுசன், பொய் சொல்றப்ப குரலு நடுங்குது. அந்த வாட்டி புள்ள நெறைய நாளு இருந்துச்சு. பெறகு மாப்ளையோட அம்மா போன் போட்டுருச்சு. ஏனுங்க சம்மந்தி, வண்டிக்குப் போர்டு வருதுங்களா இல்லீங்களா, இல்லாட்டி வேற வண்டி எடுத்துக் குடுத்துப் புள்ளைய அனுப்புங்கன்னு. அனுப்பிட்டேன். சாக்கெட்ட மாட்டி அனுப்பிட்டேன்.

இந்தத் தடவ வந்தப்ப புள்ளைக்குக் கணுக்கால்ல வீங்கி இருந்துச்சு. என்ன ஆத்தா இதுன்னேன். பெடலு இடிச்சிருச்சுப்பான்னுச்சு. இருக்கும், புதுசா கத்துக்கிறவுக பக்கத்துல ஒரு ஆளத் தோளப் புடிச்சுக்கிட்டுத்தான் நிப்பாக. மாப்ள இன்னும் அப்பிடித்தான் ஏறுறாராம், புள்ள தோளப் புடிச்சு. பேலன்ஸ் போயி வண்டி தனியாச் சுத்துச்சுன்னா பக்கத்துல நிக்கிறவுக கால்ல இடிக்கும், அது உண்டு. மறுநா அய்யம்மா எண்ணெ தேச்சு விடயில கூப்புட்டா. தோள்பட்டைக்குக் கீழ, பின்னால, கன்னிப் போயிக் கெடக்கு. இது என்ன ஆத்தான்னு கேட்டா, இதுவும் பெடலுதாம்மாங்குது.

நான் வெளிய வந்து இந்த வண்டிய நிமுத்தி நிப்பாட்டி, பெடல எறக்கி விட்டு, பக்கத்துல நின்னு பாத்தேன். உங்களுக்குக் காட்டவா? இந்தா பாருங்க, என் கணுக்காலுக்கு மேல கொஞ்சந்தான் வருது. எம் புள்ள என் ஒசரந்தான். தோளுக்கெல்லாம் இது வராது தம்பி. எப்பிடி விழுந்தாலும் வராது. நானும் எப்பிடி எப்பிடியோ சாச்சு வச்சுப் பாத்தேன்.

அழுகல. அதெல்லாம் அய்யம்மா பாத்துக்கிட்டா. நான் வண்டியத் தூக்கிட்டு திண்டுக்கல் போனேன். ஹஸ்ஸான் பாய்கிட்ட, பூராத்தயும் பிரிச்சு மாட்டுங்கன்னேன். டயரு புதுசு, பேரிங் புதுசு, சார்ஜர் புதுசு. தண்ணி போற எடமெல்லாம் ரப்பர் வச்சு அடைக்கச் சொன்னேன். அந்தச் சாக்கெட்டுக்குப் பசை போட்டு ஒட்டச் சொன்னேன். அவரு என்னண்ணே இப்பிடி, அவசரமில்லம்பீங்களேன்னாரு. இப்ப அவசரம்னேன். நேத்து சாய்ங்காலம் குடுத்தாரு. கம்பெனில இருந்து வந்தப்பகூட இம்புட்டு நல்லா இல்ல.

புள்ளயா? முன்னால லேடீஸ் சீட்டுலன்னு நெனச்சீங்களா? இல்ல தம்பி, நான் மட்டுந்தான். அது காலைல பூ மார்க்கெட்டுக்குப் போயிருச்சு, எங்க கமிசன் கடைக்காரரு கம்ப்யூட்டர்ல எடை பதிய ஆளு வேணும்னாரு. இல்ல, அவுகளுக்கு இன்னும் தெரியாது. ரெண்டும் வருதுன்னு நெனச்சுக்கிட்டு இருப்பாக. வண்டி அவுக வண்டி, குடுத்துரணும்ல. அதான் இம்புட்டுப் பாத்துப் பாத்துச் செஞ்சது. இனிமே இது ரிப்பேர் ஆகக் கூடாது. ஆச்சுன்னா இழுத்துக்கிட்டு வரதுக்கு அங்க ஆளு இல்லையே.

என்ன தம்பி இது, ஒட்டன்சத்திரமே இப்பத்தான் வருதா? பழனிக்கு இன்னும் எம்புட்டு நேரங் கெடக்கு. பாருங்க, என்னா கூட்டம் ஏறுது. ஏத்தா, கைப்புள்ளைய வச்சுக்கிட்டு அங்குட்டு ஏன் தொங்குற, இங்குட்டு வா. உக்காரு, உக்காரு. எனக்கு வேணாந்தா, நான் அடுத்த ஸ்டாப்புல எறங்குறவந்தான்.