பத்துப் பைசா தூரத்தில் ஒரு பங்க்

நிகழ்ச்சிக்குத் தலைமை ஏற்றிருக்கும் அம்மையார் பொன்னியம்மாள் அவர்களே! நம் முடிச்சூர் நலச்சங்கத்தின் மூத்த பெருமக்களே! சமையலை முடித்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! முடிக்காமலே வந்திருக்கும் தைரியசாலித் தாய்மார்களே! வண்டியை வெளியே விட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் என் இனத்தவர்களே! ஜீவானந்தத்தின் பணிவான வணக்கம்.

எரிபொருள் சிக்கனத்தைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்திருக்கிறீர்கள்!

நான் யார்? காபி குடிக்கும் முன்பே நம் வாட்ஸ்அப் குழுவில் பெட்ரோல் விலை போடுகிறவன். புதுச்சேரி விலை கண்டு பொறாமைப்பட்டவன். ஆந்திர விலை கண்டு ஆறுதல் அடைந்தவன். பெங்களூர் விலை கண்டு பெருமூச்சு விட்டவன். "நம்ம தெருவுல வெங்காயம் என்ன விலைன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள் என் மனைவி கிறிஸ்டினா. தெரியாது ஐயா! சத்தியமாகத் தெரியாது!

என் மகள் கெசியா இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடமாக வேலை தேடினாள். போன மாதம் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி நேர்காணலுக்கு அழைத்தது. சாமான் வாங்கும் பிரிவில் வேலை. "நானே கொண்டுபோய் விடுகிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அங்கேதான் சனி ஏறியது ஸ்கூட்டரில்.

"அப்பா, முள்ளு சிவப்புல நிக்குது. இங்கயே போட்டுடுங்க."

"பொறும்மா. மாவட்டம் தாண்டினா பத்துப் பைசா கம்மி."

ஒரு பங்க் போனது. இன்னொன்றும் போனது. மூன்றாவது பங்கில் பையன் கையையே காட்டினான். கர்ணன்கூட அப்படி அழைத்துக் கொடுத்திருக்கமாட்டான்! நான் நின்றேனா? நிற்கவில்லை. வெளிவட்டச் சாலையில் வண்டி நின்றது.

பெட்ரோல் தீர்ந்தால் நம் ஊர்க்காரன் என்ன செய்வான்? வண்டியைத் தரையில் சாய்த்தேன். அடியில் கிடக்கும் சொட்டுப் பெட்ரோலாவது இறங்கட்டும் என்று டேங்க் மூடியைத் திறந்து வாய் வைத்து ஊதினேன். யாரது சிரிப்பது? ஹரிபிரசாத், நீங்களும் ஊதியவர்தானே!

அந்த நேரம் பார்த்து லோடு ஆட்டோவில் வந்தார் நம் தெரு சிட்டிபாபு.

"இன்னா சார், நடு ரோட்டுல வண்டியப் படுக்கப் போட்டுகினு கீறீங்க? பொண்ணு பேஜாராவுது பாருங்க. ஏறும்மா, நான் இட்டுகினு போறேன்."

இரும்புக் குழாய்களுக்கு நடுவே, புதுச் சுடிதாரோடு, சான்றிதழ்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள் என் மகள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சாலையில் நின்று நான் அழுதேன்.

தாமதத்துக்குக் காரணம் கேட்டிருக்கிறார் மேலாளர். நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, "சரிம்மா, உங்கப்பாவை இரும்பு வாங்க அனுப்பினா என்ன ஆகும்?" என்று கேட்டாராம்.

"எல்லாரையும்விடக் கம்மி ரேட்டுக்கு வாங்குவார் சார். ஆனா இரும்பு வந்து சேர்றதுக்குள்ள மெஷின் நின்னுடும்."

வேலை கிடைத்துவிட்டது அன்பர்களே! கைதட்டுங்கள்! அவளுக்குத் தட்டுங்கள், எனக்கு வேண்டாம்.

விலை எங்கே குறைவு என்று கேட்டேனே, போய்ச் சேரவேண்டிய இடம் எது என்று கேட்டேனா? மாநிலம் மாநிலமாக விலைப்பலகை பார்த்தேனே, பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தேனா? கண்முன்னே கண்ணாடி இருந்ததே ஐயா! அதில் தெரிந்திருக்குமே! மிச்சம் பிடிக்கிறவன் யாருக்காக மிச்சம் பிடிக்கிறான்? அந்த யாரையே நடுரோட்டில் நிறுத்திவிட்டு மிச்சம் பிடித்து என்ன பயன்?

நேற்று கெசியா ஒரு சேதி சொன்னாள். அவள் அலுவலகத்தில் யாராவது மலிவு பார்த்துக்கொண்டே காலம் கடத்தினால், "ஜீவானந்தம் பண்ணாதேப்பா" என்கிறார்களாம். உழைத்து உழைத்துப் பெயர் எடுக்கிறார்கள் மற்றவர்கள். நான் ஊதியே எடுத்துவிட்டேன்!

பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், அன்று போகிற போக்கில் நின்று என் பிள்ளையை ஏற்றிக்கொண்ட சிட்டிபாபுவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.